பழுத்தால் சத்து, பறித்தால் காசு

தில்லியானாலும் புனேயானாலும் காய்கறிக் கடையில் காட்சி ஒன்றுதான். ஒரு பக்கம் பச்சைக் குடைமிளகாய் கூடையில் குவிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே சிவப்பும் மஞ்சளும், பளபளவென்று, சில கடைகளில் பிளாஸ்டிக் உறை போட்டு, தனி மரியாதையுடன் வீற்றிருக்கின்றன. விலை கேட்டால் பச்சையைப் போல இரண்டு மடங்கு. சில நாள் மூன்று மடங்கு. வாங்க வந்தவர் சிவப்பை ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, பச்சையில் அரைக் கிலோ போடச் சொல்லிவிட்டு நகர்கிறார். சிவப்பு ஏதோ வெளிநாட்டுச் சரக்கு, ஓட்டல்காரர்களுக்கு உரியது என்று எண்ணம்.

வெளிநாடும் இல்லை, வேறு இனமும் இல்லை. பச்சைக் குடைமிளகாய் என்பது பழுக்காத காய். அவ்வளவுதான். செடியிலேயே விட்டுவைத்தால் ரகத்துக்கு ஏற்ப அது சிவக்கும், மஞ்சளாகும் அல்லது ஆரஞ்சு நிறம் பெறும். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகங்களே இதற்குச் சாட்சி. அர்கா மோகினி கரும்பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிகிறது. அர்கா கௌரவ் பச்சையிலிருந்து ஆரஞ்சு மஞ்சளுக்குப் போகிறது. அர்கா பசந்த் பாலாடை நிறத்தில் பிறந்து ஆரஞ்சுச் சிவப்பில் பழுக்கிறது. வாழைக்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் உள்ள உறவுதான் இங்கேயும். வாழைக்காயைப் பழம் என்று யாரும் வாங்குவதில்லை. குடைமிளகாயில் மட்டும் காயே முழுப் பொருள் என்றாகிவிட்டது.

இதற்குக் காரணம் ருசி அல்ல, கணக்கு. முழு வளர்ச்சி பெற்ற பச்சைக் காய் நிறம் மாற இன்னும் இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அந்த நாட்களில் காயின் எடை பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் ஆபத்துகள் கூடுகின்றன. மழை வந்து அழுகலாம், பூச்சி துளைக்கலாம், வெயில் பட்டுத் தோல் வெந்துபோகலாம். பழுக்கும் காய்கள் செடியில் தங்கியிருந்தால் அடுத்த பூக்கள் காய்ப்பிடிக்காமல் உதிர்வதும் உண்டு. பச்சையில் பறித்துவிட்டால் செடி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். திறந்த வெளியில் பயிரிடும் விவசாயி பச்சையிலேயே பறித்து மண்டிக்கு அனுப்புவது அதனால்தான். சிவப்பையும் மஞ்சளையும் காத்திருந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பாலிஹவுஸ் வைத்திருப்பவர்கள். பிளாஸ்டிக் கூரை, சொட்டுநீர், கொடிபோல் கயிற்றில் ஏற்றிக் கட்டிய செடி, விலை உயர்ந்த வீரிய விதை என்று அவர்கள் போட்ட முதலும் அந்த மூன்று வாரக் காத்திருப்பும் சேர்ந்ததுதான் கடையில் சொல்லும் விலை.

அந்த மூன்று வாரத்தில் காய்க்குள் என்ன நடக்கிறது? பச்சையம் சிதைகிறது. அதன் இடத்தில் கரோட்டினாய்டு எனப்படும் நிறமிகள் சேர்கின்றன. சர்க்கரை ஏறுகிறது. பச்சைக் காயின் லேசான கசப்பு மறைந்து இனிப்பு தலைகாட்டுகிறது. வைட்டமின் சி கூடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை இதை எண்ணில் சொல்கிறது. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் வைட்டமின் சி சுமார் 80 மில்லிகிராம். சிவப்பில் சுமார் 128. சர்க்கரை 2.4 கிராமிலிருந்து 4.2 கிராமாகிறது. உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின்தான் பெரிய பாய்ச்சல் காட்டுகிறது. பச்சையில் 208 மைக்ரோகிராம், சிவப்பில் 1,624. ஏறத்தாழ எட்டு மடங்கு.

நிறம் கூடினால் எல்லாச் சத்தும் கூடும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. மஞ்சள் குடைமிளகாய் அந்த அவசரத்தைத் தடுக்கிறது. அதே அட்டவணைப்படி வைட்டமின் சி-யில் மஞ்சள்தான் முதலிடம், 100 கிராமுக்கு சுமார் 184 மில்லிகிராம். ஆனால் பீட்டா கரோட்டினில் அது பச்சையைவிடவும் கீழே, சுமார் 120 மைக்ரோகிராம். மஞ்சளுக்கு மஞ்சள் தருபவை வேறு நிறமிகள். சிவப்பிலும் அதே கதைதான். மிளகாயின் செக்கச்செவேல் நிறத்துக்கு முக்கியப் பொறுப்பாளி காப்சாந்தின் என்ற நிறமி. அதை உடலால் வைட்டமின் ஏ-ஆக மாற்ற முடியாது. கண்ணைப் பறிக்கும் சிவப்பு ஒன்று, கண்ணைக் காக்கும் சத்து இன்னொன்று. இரண்டும் ஒரே காயில் சேர்ந்து வளர்வதால் ஒன்றை மற்றதாக எண்ணிவிடுகிறோம்.

பச்சையாக வாங்கி வீட்டில் பழுக்கவைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் எடுபடாது. தக்காளி, மாங்காய், வாழை போலப் பறித்த பின் பழுக்கும் குணம் குடைமிளகாய்க்கு அநேகமாகக் கிடையாது. பாதி நிறம் மாறிய நிலையில் பறித்த காயில் மீதி நிறம் ஏறக்கூடும். முழுப் பச்சையில் பறித்த காய் பச்சையாகவே இருந்து சுருங்கிப்போகும். கணக்கு செடியிலேயே முடிந்துவிடுகிறது.

மிளகாய்க்கும் வைட்டமின் சி-க்கும் உள்ள உறவு பழையது. ஹங்கேரியின் ஸெகெட் நகரில் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் ஸென்ட்-கியோர்கி 1930களின் தொடக்கத்தில் இந்தச் சத்தைப் போதிய அளவு பிரித்தெடுக்க வழி தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு, எலுமிச்சைச் சாற்றில் இருந்த சர்க்கரை குறுக்கே நின்றது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி அந்த ஊர் மிளகாயான பாப்ரிகாவை வைத்தார். சாப்பிடப் பிடிக்காத விஞ்ஞானி அதைக் கையோடு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார். நள்ளிரவுக்குள் விடை கிடைத்துவிட்டது. சில வாரங்களில் அந்தப் பொருள் கிலோ கணக்கில் சேர்ந்தது. 1937இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு. ஆரஞ்சுப் பழத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய புகழை ஒரு மிளகாய் தட்டிக்கொண்டு போனது.

இந்தியச் சமையலறையில் அந்தப் புகழுக்கு உரியது குடைமிளகாயைவிடச் சாதாரணப் பச்சை மிளகாய்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை அதற்கு 100 கிராமுக்கு 111 மில்லிகிராம் வைட்டமின் சி தருகிறது. கொத்தமல்லிக்கட்டோடு இலவசமாகப் போடப்படும் பொருளுக்கு இது பெரிய மதிப்பெண். 100 கிராம் பச்சை மிளகாயை யார் தின்பார்கள் என்ற கேள்வி நியாயமானதே. ஒரு நாளைக்கு 10 கிராம் என்று வைத்தால் 11 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020இல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். ஆகவே இரண்டு மிளகாய் ஒரு கை கொடுக்கும், முழுப் பாரத்தையும் சுமக்காது. அதுவும் பச்சையாகச் சேர்த்தால்தான். வட இந்தியாவில் ரொட்டியோடு கடித்துக்கொள்ளும் மிளகாயும், சட்னியில் அரைத்துவிட்ட மிளகாயும் சத்தைத் தக்கவைக்கின்றன. சாம்பாரில் கொதித்த மிளகாய் காரத்தைக் கொடுத்துவிட்டு வைட்டமினில் பெரும் பங்கை இழந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய இழப்பு களத்தில் நடக்கிறது. குண்டூரிலும் கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்திலும் அறுவடைக் காலத்தில் தரையெல்லாம் சிவப்புக் கம்பளம் விரித்தது போல மிளகாய் காய்கிறது. செடியில் பழுத்து, சத்து உச்சத்துக்கு அருகே வந்த காய்கள் அவை. வெயிலில் நாட்கணக்கில் கிடந்து வற்றலாகும்போது நீர் போகிறது. நீரோடு வைட்டமின் சி-யும் சிதைந்து போகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பச்சை மிளகாயில் ஏழில் ஆறு பங்கு நீர். நீர் மட்டும் போயிருந்தால் 100 கிராம் வற்றலில் 600 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருந்திருக்க வேண்டும். அட்டவணை காட்டுவது 50. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றோடு போயிற்று. கரோட்டின் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. ஆனால் வெளிச்சமும் காற்றும் சூடும் பட்டால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும். குண்டூரில் மிளகாய் வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்குகளை நம்பியிருப்பது இந்த நிறத்தைக் காப்பாற்றத்தான்.

நிறத்தைத்தான், சத்தை அல்ல. மிளகாய்ச் சந்தையில் விலை பேசப்படும் முறை அப்படி. ஹாவேரி மாவட்டத்தின் பியாடகி மிளகாய் 2011இல் புவிசார் குறியீடு பெற்றது. சுருக்கம் விழுந்த தோல், மிதமான காரம், அடர்ந்த சிவப்பு. அந்த நிறத்தைச் சாறாக இறக்கி உணவுப் பொருட்களுக்கும் உதட்டுச்சாயத்துக்கும் சேர்க்கிறார்கள். நிறத்துக்கு மாற்று உண்டு, அளவுகோல் உண்டு, ஏற்றுமதிச் சான்றிதழ் உண்டு. 2024 மார்ச்சில் பியாடகி சந்தையில் விலை திடீரென்று சரிந்தபோது விவசாயிகள் கொதித்தெழுந்து வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். ஒரு ஆண்டு உழைப்பு ஒரு நாள் ஏலத்தில் தொங்குகிறது என்றால் ஆத்திரம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது உதாரணம். அந்த ஏலத்தில் நிறம், காரம், ஈரப்பதம் எல்லாம் பேசப்படும். ஊட்டச்சத்து என்ற சொல் மட்டும் எழாது.

நிறத்துக்கே காசு என்றால் நிறத்தைக் கலக்கவும் ஆள் வரும். 2003இல் ஐரோப்பாவில் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த் தூளில் சூடான் எனப்படும் சாயம் பிடிபட்டது. துணிக்கும் மெழுகுக்கும் போடும் சாயம் அது. 2005இல் பிரிட்டனில் மிளகாய்த் தூள் சேர்ந்த சாஸ் ஒன்றில் அந்தச் சாயம் இருந்ததால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வெளிறிய வற்றலைச் சிவக்கவைக்கச் சாயம் இருக்கிறது. போன வைட்டமினைத் திரும்பக் கொண்டுவரத்தான் எதுவும் இல்லை.

பழுப்பது ஒரு பாதி. வளர்ந்த இடம் மறுபாதி. ஒரே விதை எல்லா ஊரிலும் ஒரே காயைத் தருவதில்லை. இதற்கு நாக்கே நல்ல சாட்சி. காரம் சத்தல்ல என்றாலும் மண்ணும் வானமும் காய்க்குள் எவ்வளவு புகுந்து விளையாடும் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அசாமின் தேஜ்பூரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடம் 2000இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய மிளகாய் வகையைச் சேர்ந்தது பூத் ஜொலோகியா. 2007இல் அது உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதே மிளகாயை வறண்ட குவாலியரில் வளர்த்துப் பார்த்தபோது காரம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர் குறைந்தால் காரம் ஏறும் என்பது விவசாயிகளின் அனுபவம். பல ரகங்களில் ஆய்வுகளும் அதை ஒப்புக்கொள்கின்றன. வடகிழக்கின் ஈரக்காற்றில் பழகிய மிளகாய் மட்டும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை.

வைட்டமின்களும் இப்படித்தான் இடத்துக்கு இடம் ஆடுகின்றன. பொதுவாக நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த காயில் வைட்டமின் சி அதிகம். செடி தன் இலையில் சூரிய ஒளியைக் கொண்டு செய்யும் சர்க்கரையிலிருந்துதான் அந்த வைட்டமின் உருவாகிறது. மேகம் மூடிய வாரங்களில், நெருக்கி நட்ட செடிகளின் நிழலில், வரவு குறைகிறது. அதற்காக எரிக்கும் வெயிலும் ஆகாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் குடைமிளகாயில் பூ உதிர்கிறது. இருக்கும் காயிலும் சிவப்பு சரியாக ஏறுவதில்லை. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், காய் பெருக்கும், ஆனால் வைட்டமின் சி குறையும் போக்கு பல காய்கறிகளில் காணப்பட்டிருக்கிறது. தண்ணீரைச் சற்று இறுக்கிப் பாய்ச்சிய வயலில் காய் சிறுத்தாலும் சத்து செறிந்திருக்கும். பருமனான காய்க்கு எடை அதிகம், எடைக்குத்தான் காசு. ஆக விவசாயிக்கு லாபம் தரும் பல வேலைகள் காயின் சத்துக்கு எதிர்த் திசையில் இழுக்கின்றன.

இதில் அவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. சத்துக்காகக் காத்திருந்த விவசாயிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும் மண்டி நாட்டில் இல்லை. அளந்து சொல்லவும் ஆள் இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாட்டின் ஆறு பகுதிகளிலிருந்து மாதிரிகள் திரட்டி, 528 உணவுப் பொருட்களுக்கான புதிய அட்டவணையை 2017இல் வெளியிட்டது. உணவின் சத்து ஊருக்கு ஊர் மாறும் என்பதை ஒப்புக்கொண்ட முயற்சி அது. ஆனாலும் அட்டவணை தருவது சராசரி. கடையில் கைக்கு வரும் காய் எந்த ஊரில், எந்த வெயிலில், எத்தனை நாள் வளர்ந்தது என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரிவது இரண்டே: நிறம், விலை.

அந்த இரண்டை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். சிவப்புக்குப் பச்சையைப் போல மூன்று மடங்கு விலை என்று கொள்வோம். வைட்டமின் சி-க்காக வாங்குபவருக்குச் சிவப்பு நஷ்டம். சத்து ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, விலையோ மூன்று மடங்கு. ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் வைட்டமின் சி பச்சையில்தான் அதிகம். வைட்டமின் ஏ-க்காக என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது. விலை மூன்று மடங்கு, சத்து எட்டு மடங்கு. சிவப்பு லாபம். ஆனால் அங்கேயும் கேரட் குறுக்கே வந்து நிற்கிறது. உடல் எடுத்துக்கொள்ளும் வைட்டமின் ஏ-யாகக் கணக்கிட்டால் 100 கிராம் சிவப்புக் குடைமிளகாய் தருவது 150 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அதே எடை கேரட் தருவது 800க்கு மேல். முருங்கைக் கீரையும் குடைமிளகாயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

வைட்டமின் ஏ பற்றாக்குறையால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க மத்திய அரசு 1970இல் தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்த நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில் பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்று கவலைப்படும் தாய், உறை போட்ட சிவப்புக் குடைமிளகாயைப் பார்த்து, வாங்க முடியவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. அந்தக் காசில் கீரையும் கேரட்டும் பப்பாளியும் வாங்கினால் கூடை நிறையும். பணம் ஒரு பொருட்டல்ல என்பவர்கள் சிவப்பைத் தாராளமாக வாங்கலாம். இனிப்புக்காக, மணத்துக்காக, தட்டின் அழகுக்காக. அதில் தவறில்லை.

எந்த நிறமானாலும் வீட்டில் சத்தைக் காக்கும் வழிகள் ஒன்றுதான். காம்பு பச்சையாக, தோல் இறுகி, கைக்குக் கனமாக இருக்கும் காயைப் பொறுக்க வேண்டும். குடைமிளகாய்க்குப் பிடித்த குளிர் 7 முதல் 10 டிகிரி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அதைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது. நறுக்கி மணிக்கணக்கில் திறந்து வைத்தாலும், நீரில் வேகவைத்து நீரைக் கொட்டினாலும் வைட்டமின் சி போகும். நல்ல சூட்டில் சீக்கிரம் வதக்கி இறக்குவது மேல். கரோட்டின் உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும் என்பதால் அந்த ஒரு கரண்டி எண்ணெய் வீண் அல்ல. பச்சை மிளகாயைப் பொறுத்தவரை ஒரு சட்னி போதும்.

இன்னொரு வழியும் உண்டு. மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வெயில் படும் தொட்டியில் இரண்டு மிளகாய்ச் செடி வைத்தவர்களுக்கு மண்டியும் கிடையாது, அவசரமும் கிடையாது. அந்த மூன்று வாரத்துக்குச் சந்தையில் விலை உண்டு, வீட்டில் இல்லை. காய் செடியில் கிடந்து தானே சிவக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகலாம்.